மாமன் கழற்றிக்கொண்டு போன ஸ்டீரிங்

எங்கள் வீட்டில் யாருக்கும் ஓர் இடத்தில் உட்கார வராது. அப்பா சாப்பிடும்போதுகூட ஒரு காலை மடக்கி மறுகாலைக் குத்தவைத்துத்தான் இருப்பார், யாராவது கூப்பிட்டால் அப்படியே எழுந்து ஓடத் தோதாக. அம்மாவுக்குக் கையில் வேலை இல்லாவிட்டால் காய்ச்சல் வந்துவிடும். பொட்டப்பிள்ளை என்று பேர்தான், என்னைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் என்னைக் கதவோரமாக உட்காரவைத்திருந்தார். நடுவில் வைத்தால் நான் எழுந்து போய் வருவதில் மற்ற பிள்ளைகளின் சிலேட்டெல்லாம் மிதிபடுகிறதாம். இப்படிப்பட்ட வீட்டுக்கு ஒரு கார் வந்து சேர்ந்ததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

ஐம்பதுகளின் கடைசி அது. கிணத்துக்கடவைத் தாண்டி, பொள்ளாச்சி ரோட்டிலிருந்து உள்ளே பிரிகிற ஊர் எங்களுடையது. அப்பாவும் பெரியப்பாவும் சேர்ந்து பண்ணையம் பார்த்தார்கள். பார்த்தது பெரியப்பா, அப்பா வரப்பில் நின்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் தன் பங்குத் தோட்டத்தைப் பெரியப்பாவுக்கே விற்றுவிட்டு, மலைமேல் ஏதோ தேயிலை எஸ்டேட்டில் இருந்த வெள்ளைக்காரர் கப்பலேறும்போது விட்டுப்போன காரை வாங்கி ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். இனி வாடகைக்கு ஓட்டப்போவதாகச் சொன்னார். பெரியப்பா மடையைப் பார்க்கப் போய்விட்டார். பெரியம்மாதான், "ஆடி ஓஞ்சுபோட்டு நம்ம தோட்டத்துக்கே தண்ணி கட்ட வருவாரு, பாத்துக்கிட்டே இருங்க" என்று ஊரெல்லாம் சொல்லிவைத்தாள். அந்த வார்த்தை அப்பாவின் காலில் முள்ளாகத் தைத்துக்கொண்டது. கார் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நின்றால் மண்வெட்டியோடு அண்ணன் தோட்டத்தில் நிற்க வேண்டும். எங்கள் வீட்டில் எல்லாக் கவலைகளும் இந்த ஒன்றில்தான் வந்து முடியும்.

கார் கறுப்பு. பெரிய உடம்பு. அதில் எனக்குப் பிடித்தது ஸ்டீரிங் ஒன்றுதான். தயிர் நிறத்தில் வழவழவென்று இருக்கும். உள்ளே வெள்ளிபோல் மின்னும் இன்னொரு வளையம். அதை எங்கே தொட்டாலும் ஹாரன் அடிக்கும். அப்பா காலையில் சாமி படத்துக்கு முன்னால் அதைத்தான் துடைப்பார். மத்தியானம் கார் வாசல் புளியமரத்தடியில் நிற்கும்போது நான் ஏறி அதைப் பிடித்துக்கொண்டு, வாயாலேயே கியர் போட்டு ஊட்டி வரைக்கும் போய்விட்டு வருவேன். அது காரோடு வந்த சாமான் இல்லை, எனக்காக வந்தது என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

அந்த வருசம் மழைக்கு முன்னால் கொட்டகையில் ஓடு மாற்ற ஏறிய அப்பா வழுக்கி விழுந்துவிட்டார். இடது தோள். எலும்பு கட்டுகிற வைத்தியர் வந்து முட்டை வெள்ளைக்கருவும் துணியுமாகச் சுற்றிக் கட்டிவிட்டுப் போனார். கட்டு இருந்த நாளெல்லாம் அப்பா வாசலுக்கும் கொட்டகைக்கும் நடந்த நடையில் அங்கே ஒரு தடமே விழுந்துவிட்டது. கட்டைப் பிரித்த அன்றைக்கே கார் சாவியை எடுத்துக்கொண்டார். "தேறிப்போச்சு" என்று எல்லோரிடமும் சொன்னார். அம்மாவிடமும் அதையேதான் சொன்னார். இடது கை மார்புக்கு மேல் எழவில்லை, பிடித்தால் பிடி நிற்கவில்லை என்பதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். கை விழுந்த டிரைவரின் காரில் பெண்டாட்டி பிள்ளைகளோடு எவன் ஏறுவான்?

அதன் பிறகு அப்பாவின் கார் ஓட்டம் ஒரு தினுசாக மாறியது. ஊர் முனை வேப்பமரத்தடியில் திருப்பிக்கொண்டு வருவதை விட்டுவிட்டுக் குளத்துக்கரையெல்லாம் சுற்றிக்கொண்டு வந்தார். கேட்டால் அங்கே காற்று நன்றாக வருகிறது என்றார். சந்துக்குள் நோயாளி இருந்தால் கட்டிலோடு ரோட்டுக்குத் தூக்கி வரச் சொன்னார். ரிவர்ஸ் எடுக்க வேண்டிய கல்யாண வீடு என்றால், அன்றைக்கு வேறு சவாரி இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்து வீட்டில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். கார் அதிக நேரம் புளியமரத்தடியிலேயே நின்றது. எனக்குக் கொண்டாட்டம்தான். ஒரே நாளில் ஊட்டிக்கு நாலைந்து தடவைகூடப் போய்வந்தேன்.

மாமன் அம்மாவுக்கு நேர் அண்ணன். ஈரோட்டில் சொந்தமாக ஒரு லாரி வைத்து மஞ்சள் மூட்டை ஏற்றிக் கோயமுத்தூருக்கும் பாலக்காட்டுக்கும் ஓட்டிக்கொண்டிருந்தார். ஆள் உயரம், சத்தம் அதைவிட உயரம். வந்தால் வீடே சந்தையாகிவிடும். எங்கள் பக்கத்தில் உடன்பிறந்தவன் தங்கை வீட்டுக்கு வெறுங்கையோடு வரமாட்டான்; கட்டிக்கொடுத்ததோடு கணக்கு முடிந்தது என்று இருக்கவும் மாட்டான். பொங்கல், நோன்பு, பிள்ளைப்பேறு, காதுகுத்து என்று சாகிற வரைக்கும் சீர் கொண்டுவந்துகொண்டே இருக்க வேண்டும். தங்கை வீட்டிலிருந்து ஒரு துரும்பை எடுத்துக்கொண்டு போனாலும் ஒறம்பரை உறவுக்குள் தலை நிமிர முடியாது. மாமனும் அப்படித்தான் இருந்தார், ஒரு தார் வாழைப்பழம் இல்லாமல் அவர் எங்கள் வாசல் ஏறியதில்லை.

ஒரு நாள் பொள்ளாச்சிச் சந்தையிலிருந்து வருகிறோம். முன்னால் அப்பாவும் மாமனும். பின்னால் நான், சீட்டில் முட்டி போட்டுக்கொண்டு. ஒரு வளைவில் தேங்காய் மட்டை ஏற்றிய வண்டி எதிரே வந்தது. அப்பா ஸ்டீரிங்கைத் திருப்பினார். கார் பாதிதான் திரும்பியது. அப்படியே ரோட்டை விட்டு இறங்கி நிலக்கடலைக் காட்டுக்குள் மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது. யாருக்கும் அடியில்லை. அப்பா குதித்து இறங்கி டயரை ஓர் உதை விட்டார். "இந்த ஸ்டேரிங்குல என்னமோ கோளாறுங்க மச்சான்" என்றார். சத்தத்துக்கே பேர்போன மாமன் அப்பாவின் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அது பொத்தென்று தொங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கையில் புதுக் கடியாரம் கட்டியிருந்தார் அப்பா. மாமனுக்குக் கடியாரத்தின்மேல் கண் விழுந்துவிட்டது என்று நான் நினைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் மாமன் ஹாரன் சரியாக அடிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டு காருக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். ஹாரன் நன்றாகத்தான் அடித்துக்கொண்டிருந்தது. அவர் ஸ்டீரிங்கின் நடுவில் இருந்த மூடியைக் கழற்றினார். விளக்குமாற்றிலிருந்து ஒரு குச்சியை உருவி, உள்ளே இருந்த தண்டின் மேல் வைத்து அளந்து ஒடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "என்னுங்க மாமா?" என்றேன். "பல்லுக் குத்தறதுக்குங் கண்ணு" என்றார்.

அடுத்த முறை மாமன் வந்ததை ஊரே வேடிக்கை பார்த்தது. லாரியில் வரவில்லை. பஸ்ஸிலிருந்து இறங்கினார், லாரியின் ஸ்டீரிங்கைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு. கறுத்துப்போன பெரிய வளையம், பிடி வழுக்காமல் இருக்கச் சுற்றிலும் பச்சை நாடா சுற்றியிருந்தது. கக்கத்தில் ஒரு ரப்பர் ஹாரன். வாழைத்தார் இல்லை. அம்மா முதலில் கவனித்தது அதைத்தான்.

"ஏனுங் மாப்ளை, உங்க கார் ஸ்டேரிங்கு எனக்கு வேணுமுங்க" என்றார் மாமன், வாசலில் நின்றபடியே, தெருக்கோடி வரை கேட்கிற குரலில்.

அப்பாவுக்குப் புரியவில்லை. எதற்கு என்று கேட்டார்.

"அந்த வெள்ள ஸ்டேரிங்கு என்ற லாரியில இருந்தா எப்படி இருக்கும்னு நெனச்சதுல இருந்து சோறே எறங்க மாட்டேங்குதுங்க. ஈரோட்டு ஸ்டேண்டுல அத்தன பேரும் வாயப் பொளந்து நிக்கோணும். என்றத நீங்க வெச்சுக்கங்க. பழசுதான், ஆனாக் கெட்டி."

அம்மா கையிலிருந்த முறத்தைக் கீழே போட்டுவிட்டு வந்தாள். "ஏனுங்கண்ணா, வெளையாடறீங்களா? பொறந்தவ ஊட்டுல வந்து கழட்டிக்கிட்டுப் போறதுக்கா பஸ்ஸேறி வந்தீங்க? நாலு பேரு என்ன பேசுவாங்க?"

"பேசட்டும் அம்மணி. ஆசப்பட்டுப்போட்டேன்."

அப்பாவுக்கு முதலில் கோபம்தான் வந்தது. கிறுக்குப் பிடித்துவிட்டதா என்று கத்தினார். காரைச் சுற்றிச் சுற்றி நடந்தார். பிறகு மாமனின் கழுத்திலிருந்த வளையத்தை வாங்கிக் கையில் பிடித்துப் பார்த்தார். வலது கையால் ஒரு பக்கம், இடது கையால் அதன் அடிப்பக்கம். இடது கையை உயர்த்தாமலே அது எட்டியது. அப்பா நடப்பதை நிறுத்திவிட்டார். அவர் அசையாமல் நின்று நான் பார்த்தது அன்றுதான். மாமன் வேறெங்கோ பார்த்துக்கொண்டு, வேட்டியில் இல்லாத தூசியைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"ஆசப்பட்டுக் கேட்டுட்டீங்க. மச்சான் கேட்டு இல்லைன்னேன்னு இருக்கக்கூடாது. எடுத்துக்கங்க" என்றார் அப்பா. அவரும் தெருக்கோடி வரை கேட்கிற குரலில்தான் சொன்னார்.

நான் அழுத அழுகை கொஞ்சமில்லை. காருக்குள் ஏறி ஸ்டீரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அம்மா வந்து பிடுங்கித்தான் என்னை இறக்க வேண்டியிருந்தது. மாமன் நட்டைக் கழற்றி, தட்டித் தட்டி என் தயிர் நிற ஸ்டீரிங்கை வெளியே எடுத்தார். லாரி ஸ்டீரிங்கின் ஓட்டை பெரிசு, கார்த் தண்டு சிறிசு. இது எப்படி நிற்கும், நிற்கவே நிற்காது என்று நான் சாமியை வேண்டிக்கொண்டிருந்தேன். மாமன் பையிலிருந்து ஓர் இரும்பு வளையத்தை எடுத்தார். கோயமுத்தூரில் லேத்துப் பட்டறையில் கடைந்தது, பளபளவென்றிருந்தது. தண்டுக்கும் ஓட்டைக்கும் நடுவில் அது அச்சாக உட்கார்ந்துகொண்டது. பல் குத்தும் குச்சி எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஆக, அன்றைக்கே திட்டம் போட்டு, அளவெடுத்துக்கொண்டு போய், தயார் செய்துகொண்டு வந்து கொள்ளையடிக்கிறார்! அம்மாவிடம் ஓடிப்போய் இதைச் சொன்னேன். அம்மாவின் முகம் இன்னும் இறுகிப்போனது.

ஹாரன் வளையம் போய்விட்டதால் மாமன் ரப்பர் ஹாரனைக் கதவில் கட்டிவிட்டார். பிறகு என் ஸ்டீரிங்கைத் துண்டில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ்ஸேறினார். அம்மா அவருக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

ஊருக்கு ஒரு மாதத்துக்குப் பேச்சு கிடைத்தது. காருக்குள் அந்தப் பச்சை நாடா வளையம், பந்திக்கு வந்த பண்ணைக்காரர்போல இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. அப்பாவின் வயிற்றை இடித்தது. "லாரி வந்துருச்சு, ஓரம் போங்கடா" என்று பையன்கள் கத்தினார்கள். டீக்கடையில் மாமனின் ஆசையைப் பற்றிக் கதைகட்டிச் சிரித்தார்கள். அப்பாவும் கூடச் சேர்ந்துகொண்டு, "என்ன பண்றதுங்க, மச்சான்காரன் வாய்ச்சது அப்படி" என்று சொல்லிச் சிரித்தார். காரில் லாரி ஸ்டீரிங் ஏன் இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. அதுதான் எல்லோருக்கும் தெரிந்த கதையாயிற்றே. பெரியம்மா மட்டும் சிரிக்கவில்லை. "பொறந்த ஊட்டுச் சீரு வரும்பாங்க. இங்க போகுது" என்று அம்மாவின் காதில் விழும்படி சொன்னாள்.

ஆனால் கார் மறுபடி ஓடத் தொடங்கிவிட்டது. வேப்பமரத்தடியில் சர்ரென்று திரும்பியது. சந்துக்குள் போய் ரிவர்ஸில் வந்தது. கல்யாண வீட்டுக்காரர்கள் மறுபடி வாசலுக்கு வந்தார்கள். அப்பா இடது கையைக் கியர்மேல் சும்மா வைத்துக்கொண்டு மறுகையாலேயே சுற்றினார். ஒரு நாள் என்னை மடியில் உட்காரவைத்து ஓட்டச் சொன்னார். ஓடுகிற காரில் நான் இழுத்த இழுப்புக்குக்கூட அந்தப் பெரிய வளையம் வந்தது. எனக்கு அதன்மேல் கோபம் தீரவில்லை. ஹாரன் அமுக்கும் வேலை மட்டும் எனக்கே வந்ததால் கொஞ்சம் சமாதானம்.

அம்மா சமாதானமாகவே இல்லை. மாமன் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பிய வாழைத்தாரை அப்படியே மாட்டுக்குப் போட்டாள். அண்ணன் என்ற சொல்லே அவள் வாயில் வரவில்லை. வேலை செய்கிற வேகம் மட்டும் கூடிப்போனது. ஆட்டுக்கல்லில் மாவு ஆட்டினால் அடுத்த வீட்டில் கேட்கும்.

அப்பா விழுந்ததில் தள்ளிப்போன என் காதுகுத்தைத் தை மாதம் வைத்தார்கள். காரமடைப் பக்கத்தில் எங்கள் குலதெய்வக் கோயில். எவ்வளவு கோபம் இருந்தாலும் மாமன் மடியில் உட்காராமல் காது குத்த முடியாது. அம்மா வேறு வழியில்லாமல் ஆள் விட்டுச் சொன்னாள். விடிந்ததும் கார் நிறைய ஆட்களை ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். கோயமுத்தூர் நெரிசலில் அப்பா சுற்றிச் சுற்றித் திருப்பிக்கொண்டு போனதைப் பின்சீட்டிலிருந்து பெரியம்மா உம்மென்று பார்த்துக்கொண்டு வந்தாள்.

நல்ல நேரம் முடியப் போகிறது, மாமனைக் காணோம். ஆசாரி ஊசியை எடுத்து வைத்துவிட்டுக் கொட்டாவி விட்டார். நான் கோயிலைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தேன். கடைசியில் லாரி வந்தது. வளைவில் திரும்பமாட்டாமல் திரும்பி, பின்னால் போய், மறுபடி முன்னால் வந்து, ஒரு வழியாகக் கோயில் புளியமரத்தடியில் காருக்குப் பக்கத்தில் நின்றது. மாமன் இறங்கினார். தை மாதக் குளிரில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பட்டுப்பாவாடையும் கம்மலும் பழத்தட்டுமாகச் சீர் எல்லாம் சரியாகத்தான் கொண்டுவந்திருந்தார். இரண்டு உள்ளங்கையிலும் கிழிந்த துணி சுற்றியிருந்தது. வந்த வேகத்தில் துணியை அவிழ்த்து மடியில் செருகிக்கொண்டு, என்னைத் தூக்கி மடியில் உட்காரவைத்துக்கொண்டார்.

மாமன் என் தலையைப் பிடித்தார். பிடித்த கை நடுங்கியது. எனக்குக் கன்னத்தில் சொரசொரவென்று ஏதோ உராய்ந்தது. நான் நெளிகிறேன், அவர் பிடிக்கிறார், பிடி நிற்கவில்லை. ஆசாரி ஊசியைக் கொண்டு வருவதும் விலக்குவதுமாக இருந்தார்.

"காலங்காத்தால ஊத்திக்கிட்டு வந்துருக்கறாப்ல" என்றாள் பெரியம்மா. மெதுவாகச் சொன்னதாக நினைப்பு. கூட்டம் முழுக்கக் கேட்டது. அம்மா சேலைத்தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். அந்த முகத்தை என்னால் மறக்க முடியாது. மாமன் சிரித்தார். எப்போதும்போல உரக்கச் சிரித்தார்.

அப்போது அப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். தாய்மாமன் மடியில் பிள்ளை இருக்கும்போது தகப்பன் குறுக்கே வரும் வழக்கமில்லை. அவர் மாமனின் பின்னால் முட்டி போட்டு உட்கார்ந்து, வலது கையை நீட்டி, மாமனின் கைமேல் வைத்து என் தலையை அழுத்திப் பிடித்தார். இடது கை துண்டுக்குள்ளேயே இருந்தது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. ஊசி இறங்கியது. நான் போட்ட கூச்சலில் மரத்துக் காக்காயெல்லாம் பறந்தது.

கம்மல் போட்டதும் நான் அங்கே நிற்கவில்லை. நேரே லாரிக்கு ஓடினேன். படியில் கால் வைத்து ஏறிக் கதவைத் திறந்தால், என் தயிர் நிற ஸ்டீரிங்! நடுவில் இருந்த மூடியைக் காணோம், லாரித் தண்டுக்குத் தோதாக ஓட்டையை அகலக் கடைந்திருந்தது. ஹாரன் வளையம் மங்கிக் கிடந்தது. பிடிக்கிற இடமெல்லாம் பழுப்பும் சிவப்புமாகக் கறை. ஊட்டிக்குப் போகலாம் என்று பிடித்துத் திருப்பினேன். அசையவில்லை. தொங்கினேன், காலை உதைத்து இழுத்தேன். ஒரு நூல் நகரவில்லை. முதலில் ஏமாற்றமாக இருந்தது. பிறகு சந்தோசம் பொங்கிக்கொண்டு வந்தது. என் ஸ்டீரிங்குக்கு ரோசம் இருக்கிறது! அது மாமனுக்கு அடங்க மாட்டேன் என்கிறது!

அம்மா பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்தாள். முந்தானையைப் பிடித்து இழுத்தேன். "அம்மா, அந்த ஸ்டேரிங்கு மாமனுக்குத் திரும்பவே மாட்டேங்குது. மாமன் கையெல்லாம் புண்ணு. அதுல ரத்தமெல்லாம் ஒட்டியிருக்குது. நல்லா வேணும்."

அம்மா இலைக்கட்டைக் கையில் வைத்தபடியே நின்றாள். பிறகு அதை யாரிடமோ கொடுத்துவிட்டு லாரிக்கு நடந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு லாரியில் ஏறினாள். அம்மா லாரியில் ஏறி அன்றுதான் பார்த்தேன். ஸ்டீரிங்கை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். நெற்றி நரம்பு புடைத்தது. அது அசையவில்லை. கறை பட்ட இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். கீழே இறங்கி, பக்கத்தில் நின்ற எங்கள் காருக்கு வந்தாள். ஜன்னல் வழியாகக் கையை விட்டு அந்தப் பச்சை நாடா வளையத்தை ஓர் இழுப்பு இழுத்தாள். மணலில் முன்சக்கரம் கரகரவென்று கொஞ்சம் திரும்பியது. அம்மா வளையத்தை விடாமல் அப்படியே நின்றுகொண்டு கோயில் பக்கம் பார்த்தாள். அங்கே அப்பா பொங்கல் பானையை இறக்கிக்கொண்டிருந்தார், ஒரே கையால்.

பெரிய வட்டம் கைக்கு லேசு, சின்ன வட்டம் பாரம். இந்தச் சின்ன விசயம், பிற்பாடு நானே ஒரு பழைய ஜீப்போடு மல்லுக்கட்டியபோதுதான் எனக்கு உறைத்தது. மாமன் தன் லாரிக்கு வேறொரு பெரிய ஸ்டீரிங் வாங்கி மாட்டியிருக்கலாம். ஆனால் மாட்டிய அன்றைக்கே ஆசைப்பட்டுப் பிடுங்கின கதை பொய்யென்று ஆகிவிடும். பிறகு ஊர் அப்பாவின் கையைப் பார்க்கத் தொடங்கிவிடும். எனக்கு இதெல்லாம் அன்று எங்கே தெரியும்? நான் அம்மா போய் மாமனை நாலு கேள்வி கேட்கப் போகிறாள் என்று காத்திருந்தேன்.

அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு பந்திக்குப் போனாள். மாமன் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். எல்லோரையும் தாண்டிக்கொண்டு போய் அவர் இலைக்கு முன்னால் உட்கார்ந்தாள். ஆமாம், உட்கார்ந்தாள். சோற்றில் பருப்பும் நெய்யும் விட்டு, சூடு ஆறும்வரை விரலால் கிளறி, பிசைந்து உருட்டி இலையோரம் வைத்தாள். எனக்கு அப்படிச் செய்வதை அவள் எப்போதோ விட்டிருந்தாள்.

"மெதுவாச் சாப்பிடுங்கண்ணா. கை காந்தும்" என்றாள்.

"எனக்கென்ன அம்மணி காந்துது? இன்னுங் கொஞ்சம் நெய் ஊத்து" என்றார் மாமன். ஆனால் நிமிர்ந்து பார்க்கவில்லை. அன்று அவர் சத்தம் அந்த இலைக்கு வெளியே வரவில்லை.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. நான் கொண்டுவந்த துப்புக்கு நெய்ச்சோறா கிடைக்கும்? யாரும் பார்க்காதபோது மாமனின் செருப்பில் ஒன்றை எட்டி உதைத்துவிட்டு வந்தேன்.

திரும்பும்போது அம்மா பின்சீட்டில் ஏறவில்லை. முன்னால் ஏறப்போன பெரியம்மாவைப் பின்னால் போகச் சொல்லிவிட்டு அப்பாவுக்குப் பக்கத்தில், அவருடைய இடதுகைப் பக்கமாக உட்கார்ந்துகொண்டாள். நான் வழக்கம்போல உட்காராமல், இரண்டு பேர் தலைக்கும் நடுவில் நின்றுகொண்டேன். கோயமுத்தூர் தாண்டியதும் மற்றவர்கள் தூங்கிவிட்டார்கள்.

"கை வலிக்குதுங்களா?" என்றாள் அம்மா.

அப்பா ஒரு வளைவை ஒரே கையால் சுற்றித் திருப்பினார்.

"என்ற கைக்கு என்ன? உங்கண்ணன் கையத்தான் கேக்கோணும்."

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நல்லா வலிக்கட்டும்" என்றேன் நான். பெரியவர்கள் பேச்சுக்குள் வாயை விட்டதற்கு அம்மா கை வந்து விழும் என்று தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். கை வந்தது. அடிக்கவில்லை. என் புதுக் கம்மலைப் பட்டும் படாமல் தொட்டது, கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது, பிறகு போய்விட்டது. சரி, அம்மாவும் என் கட்சிதான் என்று எனக்குத் தைரியம் வந்துவிட்டது. அப்பாவின் தோளுக்கு மேலாக எட்டி அந்த ரப்பர் ஹாரனைப் பிடித்து, ரோட்டில் ஒருவரும் இல்லாவிட்டாலும், வீடு வரும் வரைக்கும் அடித்துக்கொண்டே வந்தேன்.